மீண்டும் மீண்டும் மலாக்கா

(நம் பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"பத்து நிமிடம் பேசுங்கள் டீச்சர், ஆனால் அறிவுரை மட்டும் வேண்டாம்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அறிவுரை சொல்லாத ஆசிரியை எங்கே இருக்கிறாள்? ஆகவே அதைக் கொஞ்சம் மறைத்துவைத்து, ஓர் ஊரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அந்த ஊர் மலாக்கா.

நம் தோட்டத்திலிருந்து பேருந்தில் ஏறினால் இரண்டு மணி நேரம். உங்களில் பலர் போயிருப்பீர்கள். "பார்த்தாச்சு டீச்சர், ஒரு பழைய கோட்டை வாசல், சிவப்புக் கட்டடம், பூ வச்ச ரிக்‌ஷா, அவ்வளவுதானே" என்று சொல்பவர்களும் உண்டு. நான் இதுவரை பதினொரு முறை போய்வந்துவிட்டேன். "அப்படி என்ன அங்க பொதச்சு வச்சிருக்கீங்க?" என்று என் அம்மாவே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான பதில்தான் இன்றைய பேச்சு.

முதன்முதலில் 2001 ஆம் ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவியாகப் பள்ளிச் சுற்றுலாவில் போனேன். எல்லாரும் பார்ப்பதைத்தான் நானும் பார்த்தேன். 1511 இல் போர்ச்சுக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். ஆ ஃபமோசா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1641 இல் டச்சுக்காரர் வந்தார்கள். 1824 இல் செய்த ஒப்பந்தத்தால் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன், சோதனையிலும் எழுதினேன், மதிப்பெண்ணும் கிடைத்தது.

இரண்டாம் முறை, ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றபோது, 2009 இல் போனேன். அப்போதுதான் ஒரு செய்தி தெரிந்தது. 2006 இல், சுழலும் கோபுரம் ஒன்று கட்டுவதற்காக பண்டார் ஹிலிரில் மண்ணைத் தோண்டியிருக்கிறார்கள். தோண்டிய இடத்தில் பழைய கோட்டையின் கொத்தளம் ஒன்று வெளியே வந்தது. மிடல்பர்க் கொத்தளம் என்று அதற்குப் பெயர். கோபுரத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, கொத்தளத்தை மீண்டும் எழுப்பத் தொடங்கினார்கள். யோசித்துப் பாருங்கள்! 2001 இல் நாங்கள் ஐஸ் கச்சாங் கேட்டு அழுது நடந்த அதே பக்கத்தில், எங்கள் காலுக்கடியில் அந்தச் சுவர் படுத்துக் கிடந்திருக்கிறது.

அன்று முதல் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வியோடு போவது, அந்த ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு திரும்புவது. அந்தக் கேள்விகளில் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் கேள்வி, ஊரின் பெயரைப் பற்றியது. ஏறத்தாழ 1400 ஆம் ஆண்டில் பரமேஸ்வரா என்ற இளவரசர் ஒரு மரத்தடியில் ஓய்வெடுத்தார்; அவருடைய வேட்டை நாயை ஒரு சருகுமான் எதிர்த்து உதைத்தது; "வீரமுள்ள மண் இது" என்று எண்ணி, அந்த மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்தார் என்பது நாம் படிக்கும் கதை. சரி, அந்த மலாக்கா மரம் எது? பெரியவர்களே, அது நம் நெல்லி மரம்! மாத்திரை போலச் சின்ன இலை, உருண்டைக் காய், கடித்தால் துவர்க்கும், தண்ணீர் குடித்தால் இனிக்கும். அதே நெல்லிதான். அதியமான் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனிக் கதையைச் சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம், "இது எங்கேயோ இந்தியாவில் உள்ள மரம்" என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். இந்நாட்டின் வரலாறு தொடங்குவதாகச் சொல்லும் இடத்திலேயே அந்த மரம் நிற்கிறது, கண்மணிகளே.

இரண்டாவது கேள்வியை ஒரு மாணவன் கேட்டான். பேருந்திலிருந்து இறங்கியதும், "டீச்சர், நம்ம ஆளுங்க இந்த நாட்டுக்குக் கூலியாத்தான் வந்தாங்களா?" என்றான். அவன் வீட்டில் பாட்டன் கப்பலில் வந்த கதை பேசுவார்கள். கப்பலுக்கு முன்னால் நமக்கு ஒன்றுமே இல்லை என்று அந்தப் பிள்ளை முடிவு செய்துவிட்டான். பத்து வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய பாரம் என்று நினைத்துப் பாருங்கள்.

வாயால் பதில் சொல்லாமல் அவர்களை ஆற்றைக் கடந்து துக்காங் எமாஸ் தெருவுக்கு அழைத்துப் போனேன். துக்காங் எமாஸ் என்றால் பொற்கொல்லர். அந்தத் தெருவில் பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. டச்சுக்கார அரசு கொடுத்த நிலத்தில், மலாக்காச் செட்டிகள் 1781 ஆம் ஆண்டு கட்டியது. சற்றுத் தள்ளி, இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748 இல் எழுப்பிய கம்போங் கெலிங் பள்ளிவாசல். அதற்கும் அப்பால், பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஹூன் தெங் சீனக் கோயில். அந்தப் பள்ளிவாசலின் தூபியைப் பாருங்கள்; சீனக் கோபுரம் போல அடுக்கடுக்காக இருக்கும். மணி, பாங்கு, ஊதுவத்தி மூன்றும் ஒரே தெருவில். ஒருவர் வழிபாட்டை மற்றவர் கெடுக்காமல் இத்தனை காலம் இருந்து வருகிறார்கள்.

அந்தப் பள்ளிவாசலின் பெயரில் உள்ள 'கெலிங்' என்ற சொல்லைப் பலகையில் பார்த்ததும் என் மாணவர்கள் முகம் சுருங்கியது. ஏனென்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லை நம் பிள்ளைகள் வசவாகத்தான் கேட்டிருக்கிறார்கள். இன்று யாரும் யாரையும் அப்படி அழைக்கக் கூடாது. ஆனால் அது கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்தது என்பர். பழைய மலாக்காவில் அது கப்பலும் துணி மூட்டையும் கணக்குப் புத்தகமும் வைத்திருந்த வணிகர்களைக் குறித்தது. சுல்தான்கள் காலத்தில் துறைமுகத்தை நடத்த நான்கு ஷாபந்தார்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தார்கள். குஜராத்தியருக்கு ஒருவர், நம் சோழமண்டலக் கரையார், வங்காளத்தார், பர்மாவின் பெகுவிலிருந்து வந்தவர் ஆகியோருக்கு ஒருவர், ஜாவா முதலிய தீவுகளிலிருந்து வந்தவருக்கு ஒருவர், சீனருக்கு ஒருவர். 1512 இல் இங்கே வந்து தங்கிய தோமே பிரேஸ் என்ற போர்ச்சுக்கீசியர், அந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்தார். அதில் நம் மொழியும் ஒன்று. சுல்தான் மஹ்மூதின் பெண்டஹாராவாக, முதலமைச்சர் போல விளங்கிய துன் முத்தாஹிர், தமிழ் முஸ்லிம் வழியில் வந்தவர்.

என் மாணவன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ எங்க தாத்தா மட்டும் ஏன் கூலியா வந்தாரு?" என்றான். நல்ல கேள்வி. காற்று கொண்டுவந்த வணிகர் வேறு, கங்காணி கூட்டிவந்த உழைப்பாளி வேறு. இரண்டும் நம் வரலாறுதான். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை. கூலியாக வந்ததில் வெட்கப்படவும் ஏதுமில்லை.

காற்று என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் பாய்மரக் கப்பலுக்குக் காற்றுதான் என்ஜின். தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தியக் கப்பல்கள் கிழக்கே வரும். சீனக் கப்பல்கள் வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே வரும். ஊர் திரும்ப வேண்டுமானால் காற்று மாறும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்க வசதியான துறைமுகமாக மலாக்கா அமைந்ததால்தான் அது அவ்வளவு பெரிய ஊராயிற்று. வந்தவர் போவார், அடுத்த பருவத்தில் மீண்டும் வருவார். அது திரும்பத் திரும்ப வருபவர்களால் உண்டான ஊர். அதனால்தானோ என்னவோ, எனக்கும் ஒரு முறையோடு விட மனம் வரவில்லை!

அப்படி வந்த தமிழ் வணிகர்களில் சிலர் இங்கேயே பெண் கட்டிக் குடியேறினார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள்தான் மலாக்காச் செட்டிகள். காஜா பெராங் என்ற இடத்தில் கம்போங் செட்டி இருக்கிறது. மூன்றாவது கேள்வியோடு நான் போனது அங்கேதான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நம் தோட்டத்து அம்மா ஒருவரும் உடன் வந்திருந்தார். அவர் இன்று இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே சாமி படம், விளக்கு, நெற்றியில் திருநீறு. கெபாயாவும் சாரோங்கும் கட்டிய ஒரு மூதாட்டி வெளியே வந்தார். நம் அம்மா ஆசையோடு, "நல்லா இருக்கீங்களா பாட்டி?" என்றார். பாட்டி சிரித்தார், பதில் மலாயில் வந்தது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் வீட்டு மொழி மலாய்தான். இடையிடையே தமிழ்ச் சொற்கள் சில மின்னும். பொங்கலுக்கு முதல் நாள், மறைந்த பெரியவர்களுக்கு வாழை இலையில் சோறு கறி பரிமாறிப் படைப்பதை விடாமல் செய்கிறார்கள். பார்ச்சு என்று அதற்குப் பெயர். மாரியம்மன் திருவிழாவையும் நடத்துகிறார்கள். பிள்ளை, முதலியார், படையாச்சி முதலிய பட்டப்பெயர்கள் இன்னும் அவர்களிடம் இருக்கின்றன.

திரும்பும் வழியில் நம் அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம சாமியை நம்மளவிட நல்லா வச்சிருக்காங்க டீச்சர். பாஷைதான் எங்கியோ நழுவிப் போச்சு. யாரும் வேணும்னு விட்டிருக்க மாட்டாங்க இல்ல?" என்றார்.

பெற்றோர்களே, அந்தக் கேள்வியை நான் நெடுநாள் மனத்தில் வைத்திருந்தேன். யாரும் வேண்டுமென்று விடவில்லை. இந்தியாவிலிருந்து வந்துகொண்டிருந்த கப்பல் குறைந்தது. வீட்டில் தாய் பேசியது மலாய். அவர்களுக்கென்று ஒரு தமிழ்ப் பள்ளி அன்று இல்லை. அவர்கள் விட்டுவிட்டார்கள் என்று நாம் குறை சொல்ல முடியாது. சொல்லிக் கொடுக்க இடம் இல்லாமலே கோயிலையும் படையலையும் தோரணத்தையும் காப்பாற்றிய மக்கள் அவர்கள், கைகூப்பத் தக்கவர்கள். நமக்கோ சொல்லிக் கொடுக்க இடம் இருக்கிறது. இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்தப் பள்ளி.

"தமிழ் படிச்சா சோறு போடுமா டீச்சர்?" என்று பதிவு நாளில் என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் மலாக்காவில் ஒரு பதில் இருக்கிறது. முன்ஷி அப்துல்லா என்ற பெயரை நம் பிள்ளைகள் பாட நூலில் படிக்கிறார்கள். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படுபவர். 1796 இல் மலாக்காவில் பிறந்தவர். அரபு நாட்டிலிருந்து வந்து நாகூரில் தமிழ்ப் பெண்ணை மணந்த ஒருவரின் வழிவந்தவர். சிறுவனாக இருந்தபோது அவருடைய தந்தை அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். ஏன் தெரியுமா? மலாக்காவில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது அக்கால வழக்கம். கணக்கு வழக்குக்கும் வணிகத்துக்கும் அது வேண்டியிருந்தது. 1849 இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். அந்தத் தமிழோடு மலாயும் அரபும் ஆங்கிலமும் கற்றுத்தான் அவர் பெரியவரானார். ஒரு மொழி இன்னொரு மொழிக்குத் தடை என்று யார் சொன்னது? மலாக்காக்காரர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்.

இன்னொன்றும் அவர் எழுதினார். ஆங்கிலேயர் 1807 ஆம் ஆண்டளவில் அந்தப் பெரிய கோட்டையை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். ஊர் மீண்டும் டச்சுக்காரர் கைக்குப் போனால் கோட்டை அவர்களுக்குப் பலமாகிவிடும் என்ற அச்சம். பத்து வயதுச் சிறுவனாக அப்துல்லா அதைக் கண்ணால் கண்டார். இன்று எஞ்சியிருப்பது சந்தியாகோ வாசல் ஒன்றுதான். அதன் மேலே உற்றுப் பாருங்கள்: போர்ச்சுக்கீசியர் கட்டிய வாசலில் டச்சுக்காரர் தங்கள் சின்னத்தையும் 1670 என்ற ஆண்டையும் பொறித்திருக்கிறார்கள். யார் யாரோ வந்து பெயர் எழுதிவிட்டுப் போனார்கள். அந்த வாசலுக்கு அருகிலேதான், 1956 பிப்ரவரி 20 ஆம் நாள், துங்கு அப்துல் ரஹ்மான் இந்நாட்டின் விடுதலை நாளை மக்களுக்கு அறிவித்தார்.

இனி, நம் தோட்டத்து மக்களுக்கென்றே ஒரு செய்தி. மலாக்காவைப் பார்க்கப் போகிறவர்கள் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். கித்தா மரம் இந்நாட்டில் முதன்முதலில் வணிகத்துக்காக எங்கே நடப்பட்டது? 1896 ஆம் ஆண்டு, மலாக்காவில், புக்கிட் லிந்தாங் என்ற இடத்தில். நட்டவர் டான் சே யான் என்ற மலாக்காச் சீனர். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ஹென்ரி ரிட்லி "நடுங்கள், நடுங்கள்" என்று எல்லாரிடமும் மன்றாடிக்கொண்டிருந்த காலம் அது. துரைமார் பலர் கேட்கவில்லை. டான் சே யான் கேட்டார். சில ஆண்டுகளில் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் உருவானது. அந்த மரம் பரவப் பரவத்தான் நம் பாட்டன் பாட்டிமார் ஆயிரமாயிரமாக வந்து இறங்கினார்கள். ஆக, வணிகராக வந்த தமிழனுக்கும் மலாக்கா ஒரு வாசல். உளியும் மங்கும் ஏந்திய தமிழனின் கதைக்கும் மலாக்காவே முதல் பக்கம்.

நாலாவது, ஐந்தாவது முறை போனபோது இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். ஒரு முறை போனால் அந்த ஊரை ஆண்டவர்கள் தெரிவார்கள். பல முறை போனால்தான் அங்கே வாழ்ந்தவர்கள் தெரிவார்கள். வாழ்ந்தவர்களுக்கு நடுவே நாமும் இருக்கிறோம்.

போகப்போக ஊரும் மாறுகிறது. முன்பு கடல் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தது. மண் கொட்டி நிரப்பியதால் தள்ளிப் போய்விட்டது. அங்கே இப்போது பெரிய பெரிய பேரங்காடிகள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுடைமை நகரங்களாக ஏற்றது. பெருமைதான். அதே சமயம் வீட்டு வாடகை ஏறியது. பழைய தொழில் செய்தவர்கள் பலர் தெருவை விட்டுப் போனார்கள். ஊருக்குப் பெருமை வரும்போது ஊர்க்காரனுக்கு இடம் இல்லாமல் போகக் கூடாது அல்லவா?

இந்தக் கவலை நமக்குப் புதிதல்ல. நம் கண் முன்னே கித்தா போய்ச் செம்பனை வந்தது. பக்கத்துத் தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறிவிட்டது. லயங்கள் இடிந்து, பெரட்டுக் களத்தில் புல் முளைத்திருக்கிறது. மலாக்காவில் சுவர் மண்ணுக்குள் போனாலும் யாரோ எழுதிவைத்ததால் மறுபடி தேடி எடுத்தார்கள். நம் தோட்டத்தைப் பற்றி யார் எழுதிவைத்திருக்கிறார்கள்? எந்த நெரையில் யார் பால் வெட்டினார், மாரியம்மன் கோயிலுக்கு முதல் செங்கல் வைத்தவர் யார், இந்தப் பள்ளி எந்தக் கொட்டகையில் தொடங்கியது, இவையெல்லாம் இங்கே உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகள் வாயில் மட்டும் இருக்கின்றன.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று: வரும் பள்ளி விடுமுறையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் மலாக்கா போகிறார்கள். பெற்றோரில் ஒருவராவது உடன் வாருங்கள். பசியாறிவிட்டு விடியற்காலையில் கிளம்பினால், இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

இரண்டு: முன்னமே போனவர்கள் "பார்த்தாச்சு" என்று இருந்துவிடாதீர்கள். ஒரே பாடத்தை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் விளங்குகிறது என்று பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அது ஊருக்கும் பொருந்தும். ஆளுக்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போவோம்.

மூன்று: மாணவச் செல்வங்களே, போய்வந்த பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். உங்கள் தாத்தாவிடமோ ஆயாவிடமோ போய் உட்காருங்கள். அவர்கள் சொல்வதைத் தமிழில் எழுதுங்கள். எழுத்துப் பிழை வந்தால் வரட்டும். திருத்தித் தர நான் இருக்கிறேன். நல்ல கட்டுரைகளை அடுத்த ஆண்டு மலரில் வெளியிட ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. பரிசு பெறாத பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் வாழ்த்து. உங்களுக்கும் அடுத்த பருவம் உண்டு. பேருந்துக்குப் பெயர் கொடுக்க விரும்பும் பெற்றோர் விழா முடிந்ததும் வாசலருகே என்னைப் பாருங்கள். இருக்கை நாற்பதுதான்.